என் கூரை ஒழுகலை

நில்லுங்க தம்பி, எங்கிட்டுப் போறீக? சானா மூனா வீடா? அதேதான், வந்துட்டீக. என்ன, போனைப் பாக்குறீக, பொட்டலைப் பாக்குறீக, மறுபடி போனைப் பாக்குறீக? காட்டுங்க அதை. ஆமா. இதே வளவுதான், இதே தூணுதான். இந்தப் படம் எடுத்து ரெண்டு வருசம் இருக்கும். இப்ப நிமுந்து பாருங்க. செங்கக் குவியல், எருக்கஞ்செடி, நடுவுல ஒத்தை அறை. அதுக்கு ஒரு கதவு, கதவுல ஒரு பூட்டு. அந்த அறை என்னோடது. சாவி இந்தா, இடுப்புல இருக்கு.

வீட்டுக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறீக. படிச்சவுக வந்தாக தம்பி. அதான் ஆச்சு.

இங்கிட்டு நெழலுக்கு வாங்க, வெயில்ல நின்னு கேக்குற கதை இல்லை இது. நான் சாத்தப்பன். காரைக்குடியில மருந்துக்கடை வச்சிருக்கேன். இந்த வீட்டைக் கட்டினவுகளுக்குக் கொள்ளுப்பேரன். எங்க பக்கத்து வழக்கம் ஒங்களுக்குத் தெரியாது, சொல்றேன். வீடு ஒண்ணு, ஆனா ஒருத்தன் வீடு இல்லை. நடுவுல முற்றம், அதான் வளவு, அதைச் சுத்தி வரிசையா அறை. மகனுக்குக் கல்யாணம் முடிஞ்சா ஒரு அறை. அவன் சாமான், அவன் பூட்டு, அவன் சாவி. வளவும் முகப்பும் எல்லாருக்கும் பொது. நல்லது கெட்டது எல்லாம் அங்கதான். ஆனா அடுத்தவன் அறைக்குள்ள எவனும் எட்டிப் பாக்கக் கூடாது. பதினாலு பங்காளி, பதினாலு பூட்டு. சண்டைன்னு ஒண்ணு வந்ததில்லை. எப்படி வரும், யாரும் யாரு சங்கதியிலயும் தலையிடலையே!

கூரை யாருதுங்கிறீகளா? கூரையும் அப்படித்தான். ஒன் அறைக்கு மேல எம்புட்டோ அம்புட்டு ஒன்னோடது. ஒருத்தன் தகரம் போட்டான். ஒருத்தன் தார்ப்பாயை விரிச்சுக் கல்லை வச்சான். மலேசியாக்காரன் ஒண்ணுமே போடலை, அவன் அறைக்குள்ள காளான் மொளைச்சுச்சு. அது அவன் பாடு.

எனக்கு ஒரே மக. உமையாள்னு பேரு. அவ பொறந்ததுலேருந்து என் பொண்டாட்டி சாமான் சேக்குறா. பித்தளை அடுக்கு, எவர்சில்வர், பீங்கான், பெட்டிப் பெட்டியாப் பட்டு. எல்லாம் அந்த அறைக்குள்ளதான். ஒரு ஐப்பசி மழை முடிஞ்சு வந்து தெறக்குறேன், பட்டுப் பெட்டிக்குள்ள தண்ணி. என் பொண்டாட்டி அந்த ஈரச் சேலையை மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்து அழுதா தம்பி. ஒரு பங்காளி பாக்கி இல்லாம போன் போட்டேன். வாங்கப்பா, சேந்து கூரையைப் பாப்போம்னு. ஒருத்தன் மீட்டிங்ல இருக்கேங்கிறான். ஒருத்தன் அடுத்த வருசம் பாக்கலாம்ங்கிறான். ஒருத்தன் ஒழுகுதா அப்படியாங்கிறான், என்னமோ அண்டார்டிகாவுல ஒழுகுற மாதிரி. அன்னைக்கு எவனும் வரலை. இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க.

நான் பாத்தேன். சரிதான் போங்கடான்னு, என் அறைக்கு மேல இருந்த பழைய சுண்ணாம்புத் தளத்து மேலயே கம்பி கட்டி கான்கிரீட்டைப் போட்டேன். நல்லா ஒசத்தி, திக்கா. அதுக்கு மேல தண்ணி எறங்காத பெயிண்டு. அத்தோட சரி. அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு சொட்டு? ம்ஹூம். ஊரெல்லாம் ஒழுகும், என் கூரை ஒழுகலை.

இப்ப அந்தப் படிச்சவுகளுக்கு வர்றேன். எங்க பெரியப்பச்சி மகன் அடைக்கப்பன், எனக்கு அண்ணன் முறை, மெட்ராஸ்ல பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. போன வருசம் சித்திரையில திடீர்னு ஞானோதயம். வீட்டை மொத்தமாச் சரி பண்ணணும், கண்ட மேஸ்திரியை விடக் கூடாது, தகுதியான ஆளுகளை வச்சுத்தான் தொடணும்னு ஆரம்பிச்சாரு. எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. ஏன்னா உமையாளுக்குத் தையில கல்யாணம் நிச்சயம் ஆயிருந்துச்சு. பொண்ணு வீட்டு வளவுலதான் திருப்பூட்டணும், அதான் தாலி கட்டணும். எங்க அக்காமாருக்குத் திருப்பூட்டினது, என் அப்பச்சிக்கும் எனக்கும் மறுவீடு அழைச்சு நிறுத்தினது, எல்லாம் இந்த வளவுலதான். எம்பொண்ணு சின்னதுலேருந்து சொல்லுவா, அப்பச்சி எனக்கு மண்டபமெல்லாம் வேணாம், நம்ம வளவுதான் வேணும்னு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குற பிள்ளைக்கு இப்படி ஒரு ஆசைன்னா எந்தத் தகப்பனுக்குத்தான் குளுந்து போகாது? அதனால நானும் வரட்டும்னுதான் சொன்னேன்.

வந்தாக. ரெஜினான்னு ஒரு அம்மா, பாளையங்கோட்டைக்காரவுக. பழைய கட்டடத்தைக் காப்பாத்துறதுக்குன்னே தனியாப் படிச்சவுகளாம். அதுக்கெல்லாம் ஒரு படிப்பா! கூட ரெண்டு பேரு. வந்ததும் வேலையை ஆரம்பிப்பாகன்னு பாத்தா, படம் வரையுறாக. வாரக்கணக்கா. செவுத்துல ஒரு கருவியை வச்சு ஈரம் பாக்குறாக. வெடிப்பு மேல கண்ணாடித் துண்டை ஒட்டி, அது ஒடையுதான்னு காத்துக்கிட்டு இருக்காக. பழைய காரையைச் சுரண்டி டப்பாவுல போட்டு எங்கயோ சோதனைக்கு அனுப்புறாக. வீட்டுக்கு என்ன, சக்கரை வியாதியா? கேட்டேனே, நேராவே கேட்டேன். அந்த அம்மா சிரிக்காம சொல்லுது, "என்ன நோய்னு தெரியாம மருந்து குடுக்கக் கூடாதுல்ல சார், நீங்க மருந்துக்கடை வச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?" எனக்குப் பாடம்!

அப்புறம் என் கூரைக்கு ஏறினாக. நான் பெருமையாத்தான் காட்டினேன். பாருங்கம்மா, இந்த வீட்டிலேயே ஒழுகாத எடம் இது ஒண்ணுதான்னேன். அந்த அம்மா குனிஞ்சு பாத்துச்சு, தட்டிப் பாத்துச்சு. "உங்க கூரை நல்லாத்தான் சார் இருக்கு. இது மேல விழுற தண்ணி எங்க போகுதுன்னு பாத்திருக்கீங்களா?" நான் சொன்னேன், "அது எங்க போனா எனக்கென்னம்மா, எனக்குள்ள வரலைல்ல?"

மறுநாள் செஞ்ச காரியத்தைக் கேளுங்க. ஒரு அண்டா தண்ணியில பச்சைச் சாயத்தைக் கலக்கி என் கூரை மேல ஊத்தினாக. என் கூரை மேல! மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடிக்கிற மாதிரிப் பச்சை. என்னம்மா இதுன்னா, பொறுங்க சார் நாளைக்குத் தெரியும்ங்குது. எனக்குப் பக்கத்து அறை சிகப்பி ஆச்சியோடது. செத்துப் போன எங்க ஒண்ணுவிட்ட அண்ணன் சம்சாரம். அந்தப் பெரிய வீட்டுல நெரந்தரமாக் குடியிருந்தது அவுக ஒருத்தருதான். மறுநாள் காலையில ஆச்சி கதவைத் தெறந்து எல்லாரையும் கூப்புடுறாக. போய்ப் பாத்தா, முட்டை வெள்ளைக்கருப் போட்டு மெழுகின மாதிரி இருக்கும் அந்தச் செவுரு, உச்சியிலேருந்து இடுப்பு ஒசரம் வரைக்கும் பச்சை பச்சையா எறங்கியிருக்கு.

எல்லாரும் என்னையப் பாக்குறாக. களவாணியைப் பாக்குற மாதிரி.

ஆச்சி கேட்டாக, "சாத்தப்பா, இத்தனை வருசமா நான் ராவெல்லாம் முழிச்சு வாளி மாத்தினது ஒன் கூரைத் தண்ணிக்காப்பா?"

நான் விடுவேனா? "தண்ணி பள்ளத்துக்குத்தான் ஆச்சி போகும், நானா அதைப் போகச் சொன்னேன்? ஒங்க கூரையையும் ஒசத்தியிருந்தா ஒங்களுக்கு வந்திருக்காதுல்ல?" ஞாயந்தானே தம்பி? நீங்களே சொல்லுங்க. அப்படி ஒசத்தினா தண்ணி அதுக்கு அடுத்த அறைக்குப் போகும். அவன் ஒசத்த வேண்டியதுதான். அவனவன் பாத்துக்கிட வேண்டியதுதானே.

அந்த அம்மா வளவுல எல்லாரையும் ஒக்கார வச்சு வெளக்குச்சு. அந்தக் காலத்துல தளத்தை ஒரு பக்கமாச் சரிச்சுப் போட்டிருக்காகளாம். அந்த மூலைத் தண்ணியெல்லாம் என் கூரை வழியாத்தான் வடிஞ்சு முற்றத்துக்கு எறங்கணுமாம். நான் குறுக்கே அணை கட்டிட்டேனாம். தண்ணி ஆச்சி கூரையில தேங்குச்சாம். எனக்கும் அவுகளுக்கும் பொதுவா ஒரு தேக்கு உத்திரம் ஓடுதாம், அதோட முனை செவுத்துக்குள்ள ஊறி அழுகிப் போச்சாம். அழுகின உத்திரத்து மேல என் கான்கிரீட்டுப் பாரம் ஒக்காந்திருக்காம். ஆம், ஆம், ஆம். எல்லாம் நான்தானாம்! தகரம் போட்டவன் இல்லை, காளான் வளத்தவன் இல்லை, நான்!

சரி, என்ன செய்யணும்னு கேட்டேன். கூரை மொத்தத்தையும் சேத்துப் பிரிக்கணும், சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டுப் பழையபடி தளம் எறக்கணும், அழுகின முனையை வெட்டிட்டு நல்ல தேக்கை ஒட்டுப் போடணும். மழைக்கு முன்ன முடிச்சுரலாம், தையில கல்யாணம் வச்சுக்கலாம்னு சொன்னுச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. கடைசியில ஒண்ணு சொன்னுச்சு பாருங்க. "மொதல்ல சாத்தப்பன் சார் கான்கிரீட்டை எடுக்கணும்."

ஏன் மொதல்ல என்னோடது? அம்புட்டுப் பேரும் வீட்டை நாற விட்டாக. செலவு பண்ணி, வெயில்ல நின்னு, ஒருத்தன் தொணையில்லாமக் கூரை போட்டவன் நான் ஒருத்தன். ஒடைக்கணும்னா மொதல்ல என்னோடதையா? கேட்டேன். "அந்தப் பாரம் மேல இருக்கிற வரைக்கும் அதுக்குக் கீழே ஒரு ஆளைக்கூட வேலை செய்ய விட மாட்டேன் சார். உத்திரம் எப்ப வேணாலும் விட்டுரும்." நான் சொன்னேன், "மத்தவன் கூரையெல்லாம் மொதல்ல முடியட்டும். கடைசியா என்னோடதை யோசிப்போம்." துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். சாவி என்கிட்ட. என் அறைக்குள்ளேருந்து முட்டுக் குடுக்காம மேல கை வைக்க முடியாதுன்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதுக்கப்புறம் பாத்தீகன்னா, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் தூது. அன்னைக்கு மீட்டிங்ல இருந்தவன்லாம் இப்ப தெனம் போன் போடுறான். பதிமூணு பேரும் சம்மதம் குடுத்துட்டாக, நீங்க ஒருத்தருதான் பாக்கிங்கிறான். அடைக்கப்பண்ணன் கடைக்கே வந்து, "எலேய், நம்ம வீடுடா"ங்கிறாரு. "நம்ம வீடு"ங்குற வார்த்தை என் சேலைப் பெட்டி நனைஞ்சப்ப எங்கண்ணே போச்சுன்னேன்.

எம்பொண்ணும் கூப்புட்டா. "அப்பச்சி, சாவியைக் குடுத்துருங்க அப்பச்சி. சாமானைத் தற்காலிகமா வேற அறையில வச்சுக்கலாம். அடைக்கப்பப் பெரியப்பச்சி தன்னோட அறையைத் தர்றேன்னு சொல்றாக."

"அடுத்தவுக பூட்டுக்குள்ள எம்மக சாமானா? ஒனக்காகத்தானடா அந்தக் கூரையைப் போட்டேன்."

"எனக்காகத்தான் எடுக்கவும் சொல்றேன்."

வெடுக்குன்னு பேசுது பாருங்க. போனை வச்சுட்டேன்.

ஆவணியில அந்த ரெஜினாவே கடைக்கு வந்துச்சு. கூட்டமா இருந்துச்சு, மாத்திரை வாங்குறவுகளோட ஒருத்தியா நின்னுச்சு. டீ சொன்னேன், வேணாம்னுருச்சு. "சார், மழைக்கு இன்னும் ரொம்ப நாள் இல்லை. உங்க கான்கிரீட்டைக் குறை சொல்லி உங்களை அவமானப்படுத்தணும்னு எனக்கில்லை. அன்னைக்கு உங்களுக்கு யாரும் உதவலைன்னு தெரியும். ஆனா அது பதினாலு கூரை இல்லை சார். ஒரே கூரை."

"பதினாலு பூட்டு இருக்கேம்மா"ன்னேன்.

பையை எடுத்துத் தோள்ல மாட்டுச்சு. "ஆச்சி அறையில இரும்பு முட்டு மட்டும் குடுத்துட்டுப் போறேன். ஆச்சியை அங்க படுக்க விடாதீங்க"ன்னுட்டுப் போயிருச்சு. ஆச்சியையும் கெஞ்சிக் கூத்தாடி முகப்புக்கு மாத்திருச்சு. பயம் காட்டுறது. படிச்சவுக தொழிலே அதுதானே!

என்ன தம்பி, முகத்தைச் சுளிக்கிறீக? இருங்க, முடிக்கலை.

ஐப்பசியில மழை பிடிச்சுச்சு. மூணாம் நாளு விடியக்கால ஆச்சி அறைக் கூரை எறங்கிருச்சு. உத்திரம் முறிஞ்சு, இரும்பு முட்டு மேல சாஞ்சு நின்னுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. அந்த முட்டும், ஆச்சியை வெளியில மாத்தினதும்தான் காப்பாத்துச்சுன்னு ஊரே பேசுது. சாமி காப்பாத்துச்சுன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலை. நான் ஓடிப் போய் என் கதவைத் தெறந்து பாத்தேன். என் கூரை செவுத்து மேல கல்லாட்டம் நிக்குது. ஒரு அடுக்கு நகரலை. ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. அப்ப எவன் வேலை தம்பி நல்ல வேலை? சொல்லுங்க!

ஆனா அத்தோட பங்காளிகளுக்கு மனசு விட்டுப்போச்சு. மலேசியாக்காரன் சொன்னான், போதும்ப்பா, வித்துருவோம். அவன் சொன்னதும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா, ஆமா ஆமா. அடைக்கப்பண்ணன் ஒருத்தருதான் வேணாம்னு போன்லயே அழுதாரு. அவரு பேச்சு எடுபடலை. பழைய சாமான் ஏவாரி வந்தான். நெலைக்கதவு போச்சு. பர்மாத் தேக்குத் தூணு போச்சு. தரையில பதிச்ச கல்லைக்கூட நோண்டி எடுத்துட்டுப் போனான். செங்கலை இடிச்சு ஏலம் போட்டாக. என்னைய மட்டும் ஒருத்தனாலயும் அசைக்க முடியலை. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். போடலைன்னா தொட முடியாதுல்ல? என் அறையைச் சுத்தி இடிச்சுக்கிட்டே வந்தாக, ஆச்சிக்கும் எனக்கும் நடுவுல இருந்த செவுத்தோட நிறுத்திக்கிட்டாக. செயிச்சேனா இல்லையா?

தூணு லாரியில ஏறுறப்ப அந்த ரெஜினா வந்துச்சு. அந்தா, ரோட்டுக்கு அங்கிட்டு நின்னுச்சு. நான் நிக்கிறதைப் பாத்துச்சு. ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருக்கலாம்ல? திட்டியிருந்தா நானும் நாலு திட்டு திட்டி மனசு ஆறியிருப்பேன். லாரி போனதும் அதுவும் போயிருச்சு. அதை நெனச்சாத்தான் இன்னைக்கும் ஆத்திரம் ஆத்திரமா வருது.

நாளான்னைக்குக் கல்யாணம். ஆமா, உமையாளுக்குத்தான். எங்கன்னு கேக்காதீக. பைபாஸ்ல புதுசா ஒரு ஏசி மண்டபம்.

நேத்து சாயங்காலம் எம்பொண்ணை இங்க கூட்டிக்கிட்டு வந்தேன். மண்டபத்துக்குப் போறதுக்கு முன்ன நம்ம வீட்டுல ஒரு நிமிசம் நின்னு சாமி கும்புட்டுட்டுப் போம்மான்னு. நேத்துதான் அவ இதை இப்படி மொதமொதலாப் பாக்குறா. போன மாசம் வரைக்கும் வரமாட்டேன் வரமாட்டேன்னுட்டா. கார்லேருந்து எறங்கினா. செருப்பைக் கழட்டிட்டு அந்தா, அந்த எருக்கஞ்செடி நிக்கிற எடத்துல போய் நின்னா. அதுதான் வளவுக்கு நடு. நான் அறைக் கதவைத் தெறந்து வச்சுக்கிட்டு, இங்க வாடா, உள்ள வா, ஒன் சாமானெல்லாம் ஒரு சொட்டு நனையாம இருக்கு பாருன்னு கூப்புடுறேன். வரலை. அங்கேயே நிக்கிறா.

"நான் வீட்டைக் கேட்டேன் அப்பச்சி"ங்கிறா. "நீங்க எனக்கு அறையைக் காப்பாத்தி வச்சிருக்கீக."

அழுதாளான்னா, இல்லை. அழுதிருந்தா தேவலை. சாமானைக்கூடப் பெங்களூருக்குக் கொண்டு போகலையாம், எடம் இல்லையாம், இங்கேயே இருக்கட்டுமாம். ராவெல்லாம் ஒறக்கம் இல்லை. யாருக்காக நான் வெயில்ல நின்னேன்? இதெல்லாம் அவளாப் பேசுற பேச்சா? அந்தப் பொம்பளை சொல்லிக் குடுத்திருக்கும். பச்சைச் சாயத்தை ஊத்துனவ, பிள்ளை மனசுலயும் ஊத்திட்டா.

எந்திரிங்க. படம் எடுக்கத்தானே வந்தீக, வந்து எடுத்துக்கங்க. எல்லாருக்கும் காட்டுங்க. பதினாலுல ஒருத்தன் ஒழுங்கா வேலை பாத்தான்னு போடுங்க. இந்தா, தெறந்தாச்சு. தலையைக் குனிஞ்சு வாங்க. மேல பாருங்க, நல்லா லைட்டை அடிச்சே பாருங்க. ஒரு கறை? ஒரு கீறல்? போன வாரம் காலந்தப்பி ரெண்டு நாள் விடாம ஊத்துன மழை. என் கூரை ஒழுகுச்சா?

என்ன செவுத்துல கையை வச்சுப் பாக்குறீக? மேல பாருங்கன்னா. என்ன? ஈரமா? எங்க?

அது... அது மேலேருந்து வந்தது இல்லை தம்பி. மேல காஞ்சுதானே கெடக்கு, பாத்தீகள்ல. இது அங்கிட்டுலேருந்து வருது. அங்கிட்டு முன்னால ஆச்சி அறை இருந்துச்சு, இப்ப வெட்டவெளி, சாரல் நேரா அடிக்குது. உள்செவுரு இது, பூச்சு கெடையாது, மழை தாங்கக் கட்டினது இல்லை. ஆனா இது என் செவுரு இல்லை. சிகப்பி ஆச்சி செவுரு. கேட்டுப் பாருங்க யாரை வேணும்னாலும். என்னோடது கூரை. என் கூரை மேல குத்தம் சொல்ல முடியாது.

நில்லுங்க, எங்க போறீக? அந்தப் போனை உள்ள வைங்க. பட்டுப் பெட்டி அந்தச் செவுத்தை ஒட்டித்தான் இருக்கு. ஒரு பக்கம் பிடிங்க தம்பி, நடுவுக்கு இழுத்துரலாம். வெரசா, வெரசாப் பிடிங்க!